வெள்ளிக்கிழமை, மேற்கே சூலம், ஜெர்மனி விசா

படிவத்தை எப்படி நிரப்புவது, போட்டோவின் பின்னணி என்ன நிறத்தில் இருக்க வேண்டும், எந்தத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்றெல்லாம் விசா மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் கற்றுக்கொண்ட விதிகளில் பாதி இப்போது இல்லை. ஐரோப்பாவுக்குள் நுழையும்போது பாஸ்போர்ட்டில் முத்திரைகூடக் குத்துவதில்லை, முகத்தையும் விரல் ரேகையையும் கணினியில் ஏற்றிக்கொள்கிறார்கள் என்று உங்களில் ஒருவர்தான் எனக்குச் சொன்னீர்கள். முத்திரை இல்லாத பாஸ்போர்ட்டை ஊருக்கு வந்து யாரிடம் காட்டிப் பெருமையடிப்பது என்று நான் கேட்டேன். சிரித்தீர்கள். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. அந்த ஊர் விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "எதற்காக வந்திருக்கிறீர்கள்?" என்பதுதான். நம் வேலை அந்தக் கேள்விக்கு ஆளைத் தயார் செய்வது. தயார் செய்வது என்றால் பதிலை உருப்போட வைப்பது என்று நினைத்துக்கொண்டு ஊரில் நிறையப் பேர் கடை போட்டிருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும், விட்டுவிடுகிறேன்.

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நான் சேர்ந்தபோது வெறும் டிக்கெட் போடுகிறவள். விசா வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் முதலாளி. அவர் ஃபைலைத் திறக்கவே மாட்டார். வந்தவரை உட்கார வைத்து, டீ வரவழைத்து, "எதுக்கு சார் போறீங்க?" என்பார். பேச்சு விலைவாசி, மழை, மாப்பிள்ளை என்று எங்கெங்கோ போகும். பிறகு, "ஆமா, எதுக்குப் போறீங்கன்னு சொன்னீங்க?" என்பார். எழுந்து போகும்போது மாடிப்படியில் வைத்து இன்னொரு தடவை. எல்லாப் பதிலும் ஒன்றாக இருந்தால்தான் மறுநாள் காகிதங்களோடு வரச் சொல்லுவார்.

பட்டுக்கடைக்காரர் ஒருவர் இத்தாலிக்குக் கிளம்பினார். முதலில் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க என்றார். டீ ஆறுவதற்குள் குடும்பம் கழன்றுகொண்டது, தனியாகப் போகிறாராம். மாடிப்படியில் நின்று, "அங்க நம்ம பொடவைக்கு நல்ல கிராக்கிங்க" என்று அவராகவே சொல்லிவிட்டார். "வியாபாரம் பேசப் போறேன்னு சொல்லுங்க, அதுக்கு ஒரு வழி இருக்குது. சுத்திப் பாக்கறேன்னு சொல்லிட்டுப் பொட்டி நெறைய பொடவ எடுத்துக்கினு போனீங்கன்னா, கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றார் முதலாளி. பட்டுக்கடைக்காரர் கோபித்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார். பிறகு என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குப் பாடம் சொல்வதற்காக அவரை ரோமிலிருந்து திருப்பி அனுப்பினார்கள் என்று நான் கதை கட்ட மாட்டேன்.

முதலாளியிடம் இன்னொரு சட்டமும் உண்டு. யாருடைய பாஸ்போர்ட்டும் ஒரு ராத்திரிகூட நம் அலுவலகத்தில் தங்கக் கூடாது. இது பிறகு தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளி உடம்பு முடியாமல் வீட்டோடு இருக்க ஆரம்பித்து, விசா மேசை முழுக்க என் பொறுப்பில் வந்தபிறகு ஒரு நாள், ஒரு பேராசிரியர் வந்தார். ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் சமஸ்கிருதம் நடத்தி ஓய்வு பெற்றவர். சின்னக் காஞ்சிபுரத்தில் வீடு. காலையில் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் அவரும் ஒருவர். மனைவி காலமாகிவிட்டார். நெற்றியில் பளிச்சென்று திருமண், கையில் குடை. ஜெர்மனிக்கு டூரிஸ்ட் விசா வேண்டும் என்றார்.

"எதுக்கு சார் போறீங்க?"

"சும்மா, சுத்திப் பார்க்கத்தான்."

எந்த ஊர் என்று கேட்டேன். ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னார். நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. கணினியில் தேடிப் பார்த்தேன். ஒரு ஆறு, ஒரு பாலம், ஒரு தொழிற்சாலை, ஒரு தேவாலயம். அந்த ஒரே ஊரில் இரண்டு வாரம் தங்கப் போகிறாராம்.

"அங்க என்ன சார் பாக்கப் போறீங்க?"

கொஞ்சம் யோசித்து, "சர்ச் இருக்காமே" என்றார்.

கோஷ்டியில் நிற்கிற மனிதர் இரண்டு வாரம் சர்ச் பார்க்கப் போகிறார். எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு டீ வரவழைத்தேன். வெளியில் டீ குடிப்பதில்லை என்றார். மறுபடி கேட்டேன். அதே சர்ச். மாடிப்படியில் கேட்டபோது பதிலே சொல்லாமல் குடையை ஊன்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் நான் கதவைத் திறக்கும்போதே நின்றிருந்தார். உட்கார்ந்ததும் தலையைக் குனிந்துகொண்டு பேசினார்.

"பொண்ணு அங்க இருக்காம்மா. ஒரே பொண்ணு. அங்கயே ஒருத்தனைப் பாத்துண்டுட்டா. அந்த ஊர்க்காரன். ரெண்டு வருஷமா நான் அவளோட பேசலை. இப்போ ஆபீஸ்ல ரெஜிஸ்டர் பண்ணிக்கறாளாம். ஃபோன் பண்ணி, அப்பா நீ வரணும்னு ஒரே ஒரு தடவை கேட்டா. வரேன்னுட்டேன். தெருவுல யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். அதான் டூர்னு போட்டுடுங்கோ, ஓட்டல் புக் பண்ணிடுங்கோ."

என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். குறுகிய கால விசாவில் சுற்றுலாவும் உண்டு, சொந்தக்காரர்களைப் பார்ப்பதும் உண்டு. எதற்குப் போகிறோமோ அதைச் சொல்லி, அதற்குரிய கடிதத்தை வைத்துத்தான் கேட்க வேண்டும். ஓட்டல் என்று காட்டிவிட்டு மகள் வீட்டில் தங்குவது, சுற்றுலா என்று எழுதிவிட்டு அங்கே போய் வேறொன்று சொல்வது எல்லாம் வினையை விலைக்கு வாங்குவது. விசா ஒட்டியிருந்தாலும் உள்ளே விடுவதா வேண்டாமா என்பது அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் கையில்தான் இருக்கிறது. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். "உங்க தெருவுக்குத் தெரிய வேணாம் சார். ஜெர்மனிக்குத் தெரியட்டும்" என்றேன். சரி என்றார்.

மகளிடமிருந்து அழைப்புக் கடிதம் வாங்குவதற்காக நான்தான் அவளோடு பேசினேன். காகிதங்களைப் பற்றி நான் பேசிக்கொண்டே போக, அவள் நடுவில் நிறுத்தி, "அப்பா நெஜமாவே உங்க ஆபீஸுக்கு வந்தாரா மேடம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அடுத்த தடவை பேசும்போதும் அதையே கேட்டாள். வரவில்லை என்றால் அப்பாவுக்கு வர மனமில்லை என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேருக்கும் நடுவில் எதுவும் மிச்சம் இருக்காது. இதை அவள் சொல்லவில்லை. அவள் குரலில் இருந்தது.

பென்ஷன், வீட்டுப் பத்திரம், இன்சூரன்ஸ், மகளின் கடிதம், திரும்பி வரும் டிக்கெட் என்று எல்லாம் ஒழுங்காக வைத்தோம். சென்னையில் போய் விரல் ரேகை கொடுத்துவிட்டு வந்தார். விசா வந்தது. வெள்ளிக்கிழமை மாலை சென்னையில் விமானம் ஏறி, வளைகுடாவில் மாறி, சனிக்கிழமை அங்கே இறங்க வேண்டும். விசாவும் சனிக்கிழமையிலிருந்துதான் செல்லும். திங்கள் காலை அங்கே பதிவு. அப்பாடா என்று இருந்தேன்.

அடுத்த நாள் பஞ்சாங்கத்தோடு வந்தார்.

"வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்மா. போகப்படாது. புதன்கிழமை திவ்யமா இருக்கு. மாத்திடுங்கோ."

புதன் கிளம்பினால் வியாழன் இறங்குவார். விசா தொடங்கியிருக்காது. அங்கே இறங்குவது இருக்கட்டும், சென்னையிலேயே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். சனிக்கிழமை கிளம்பலாமா என்றால் அஷ்டமி. ஞாயிறு மறுபடி மேற்கே சூலம், போதாத குறைக்கு நவமி. வேறு தேதி போட்டு விசா கேட்க நேரம் இல்லை. தூதரகத்துக்கு ஒரு தேதி, பஞ்சாங்கத்துக்கு ஒரு தேதி, நடுவில் நான். காஞ்சிபுரத்தில் விசா வேலை பார்ப்பது என்றால் இதுதான் என்று புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

"அப்போ விட்டுடலாம்மா. பெருமாளுக்கே இஷ்டம் இல்லை போலிருக்கு" என்றார்.

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தத்தோடு கொஞ்சம் நிம்மதியும் தெரிந்தது. நான் இத்தனை வருஷம் மேசைக்கு எதிரே முகங்களைப் பார்த்தவள். பெருமாளையே நம்பியிருக்கிறவருக்குச் சூலம் என்ன செய்யும் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் வாதத்தில் அவர்தான் ஜெயித்திருப்பார், பயணம் நின்றிருக்கும். ஒருவர் சொல்லும் காரணம் சாக்காகவே இருந்தாலும், அதைச் சாக்கு என்று முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள். அந்தக் காரணத்துக்கே ஒரு வழி கண்டுபிடியுங்கள்.

"பரஸ்தானம் வெச்சிடுங்களேன் சார்" என்றேன்.

உங்களில் சிலருக்கு இது தெரியாமல் இருக்கலாம். கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நாளில், கொண்டுபோகிற சாமானில் ஒன்றை எடுத்து, போகும் திசையில் இருக்கிற இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுவார்கள். அன்றைக்கே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு கிளம்பும் நாளில் போகிற வழியில் அதை எடுத்துக்கொள்ளலாம். வைத்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. நம்மிடம் டிக்கெட் எடுத்தவர்களில் எத்தனையோ பேர் இப்படிச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"வைக்கலாம். யாராத்துல வைக்கறது? எங்க போறேள்னு கேட்பாளே" என்றார்.

"எங்க ஆபீஸ் உங்க வீட்டுக்கு மேற்காலதான் சார் இருக்குது."

அவர் என்னைப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார்.

புதன்கிழமை நல்ல நேரம் பார்த்து, புதுத் துண்டில் கட்டிய ஒரு மூட்டையோடு வந்தார். மகளுக்குப் புடவை என்றார். இந்த ஊரில் பட்டுப்புடவை வாங்கிவிட்டு யாருக்கு என்று சொல்லாமல் கடையைவிட்டு இறங்க முடியுமா? சிநேகிதர் பெண்ணுக்கு என்று சொல்லிச் சமாளித்தாராம். நான் மூட்டையை இரண்டு கையாலும் வாங்கினேன். ஒரு ஓரம் கெட்டியாக இருந்தது.

"பாஸ்போர்ட்டையும் இதுக்குள்ள வெச்சிருக்கீங்களா சார்?"

"பின்னே? பிரயாணத்துக்கு அதுதானேம்மா பிரதானம்?"

அவிழ்த்து எடுக்க வைத்து, கையில் கொடுத்து அனுப்பினேன். முதலாளியின் சட்டத்தைப் பஞ்சாங்கத்துக்காகக்கூட நான் மீறுவதாக இல்லை. புடவை மட்டும் எங்கள் அலமாரியில், சாமி படத்துக்குக் கீழே இருந்தது. மகளின் கடிதம், இன்சூரன்ஸ், டிக்கெட் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, பெட்டிக்குள் வைக்க வேண்டாம், கையிலேயே இருக்கட்டும், எங்கே கேட்டாலும் உடனே காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ராகு காலம் முடிந்ததும் கார் அவர் வீட்டுக்குப் போய், அவரை ஏற்றிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்து மூட்டையை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போக வேண்டும். ஓரிக்கைக்காரரான டிரைவர், "மேற்கால போறதுக்குத்தானே மேடம் இவ்ளோவும்? மெட்ராஸ் கெழக்காலல்ல இருக்குது?" என்று கேட்டார். அதைப் பேராசிரியரிடம் மட்டும் கேட்டுவிடாதே என்று வாயை அடைத்து அனுப்பினேன்.

கார் வரவில்லை. ஃபோன்தான் வந்தது.

"மேடம், சாரு பொட்டிய கட்டி வெச்சிக்கினு உள்ள குந்திக்கினு இருக்காரு. கூப்டா வர மாட்டேங்கறாரு."

மூட்டையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். தெருமுனையிலேயே இறங்கி, காரை அங்கே வரவழைத்து, மூட்டையை டிரைவரிடம் கொடுத்து, தெருவுக்குள் இது வரக் கூடாது என்று சொல்லிவிட்டு நடந்து போனேன். பேராசிரியர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேட்டி, சட்டை, திருமண் எல்லாம் தயார். பக்கத்தில் பெட்டி. மடியில் ஃபைல். கையில் ஃபோன்.

"விசா கிடைக்கலைன்னு சொல்லிடறேம்மா. அவ நம்புவா. யாரும் யாரையும் தப்பு சொல்ல முடியாது. அவ உங்ககிட்ட கேட்டா, நீங்களும் அப்படியே சொல்லிடுங்கோ" என்றார்.

இந்தப் பொய் எவ்வளவு வசதியானது என்று நம் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். போக மனமில்லாத கல்யாணம், பார்க்கப் பிடிக்காத சம்பந்தி, எல்லாவற்றுக்கும் "விசா கிடைக்கலை" என்ற ஒரு வார்த்தை போதும். பழி தூதரகத்தின் மேல் போய்விடும். அது வந்து நம்மிடம் சண்டை போடப் போவதில்லை. ஆனால் எனக்கு அப்போது வந்த கோபத்தை மறைக்க முடியவில்லை.

"நான் சொல்ல மாட்டேன் சார். கெடைக்காதப்போ கெடைக்கலன்னு எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன். கெடைச்சத கெடைக்கலன்னு என் வாயால சொல்ல மாட்டேன். அப்பா நெஜமா வந்தாரான்னு அந்தப் பொண்ணு கேட்டுக்கினே இருந்தா. நெஜம்னு சொன்னவ நானு."

நான் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டேன்.

"தெருவுல என்ன சொல்லுவாங்கறது இல்லைம்மா" என்றார் கடைசியில். "அங்க மந்திரம் கிடையாது, அக்னி கிடையாது. தாரை வார்க்கறது கிடையாது. ஒரு ஆபீஸ்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடறா. அங்க நான் எதுக்கு?"

முதல் நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. அவருக்கு அவர் வழியில்தான் பதில் சொல்ல முடியும் என்று தோன்றியது.

"எதுக்குன்னு எனக்குத் தெரியாது சார். ஆனா உங்க பயணம் புதன்கிழமையே ஆரம்பிச்சாச்சு. பொடவ கெளம்பி, தெருமுனைல கார்ல காத்துக்கினு இருக்குது. வெச்சத வீட்டுக்குத் திருப்பி எடுத்தாரக் கூடாதுன்றது உங்க சாஸ்திரம். இப்ப அத்த நான் எங்க எடுத்துக்கினு போவட்டும்? நீங்களே சொல்லுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என் சாஸ்திரத்தை என்கிட்டயே திருப்பறேளே" என்றார். பிறகு எழுந்து, பூஜை அறைக்குள் போய்ச் சேவித்துவிட்டு வந்து, வீட்டைப் பூட்டினார்.

எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, "எங்க பிரயாணம்?" என்று கேட்டார். "பெங்களூர்" என்றார் இவர். தெருவில் பொய் சொன்னதற்காக யாரும் அவரைத் திருப்பி அனுப்பப் போவதில்லை.

இரண்டு வாரம் கழித்து, திரும்பி வந்ததும் நேராக அலுவலகத்துக்கு வந்தார். அந்த ஊர்ச் சாக்லேட் ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார். மகள் அந்தப் புடவையைத்தான் கட்டிக்கொண்டாளாம். மாப்பிள்ளையின் அம்மா அதன் ஜரிகையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம். கையெழுத்துப் போட்டு முடித்ததும் மகள் அவரிடம் வந்து நின்றாளாம். இவருக்குத் தெரிந்த ஆசீர்வாத மந்திரம் முழுவதையும் அந்த ஆபீசிலேயே நின்று சொன்னாராம். எல்லாரும் எழுந்து நின்று கேட்டார்களாம். தெருவில் எப்போது சொல்லப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அது என் வேலை இல்லை.

ஏர்போர்ட்டில் எப்படி இருந்தது, ஃபைலைக் கேட்டார்களா என்றுதான் கேட்டேன். தொழில் புத்தி.

"திறக்கவே இல்லைம்மா" என்றார். "கண்ணாடிக்குப் பின்னால ஒரு சின்னப் பையன். எதுக்கு வந்தேள்னு கேட்டான். என் பொண்ணு கல்யாணத்துக்குன்னு சொன்னேன். கல்யாணம்கற வார்த்தையை அதுக்கு முன்னால நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. உங்ககிட்டகூட ரெஜிஸ்டர்னுதான் சொன்னேன். அவன் பாஸ்போர்ட்டைக் கையில குடுத்துட்டு, கங்கிராஜுலேஷன்ஸ், சார்னான். இத்தனை நாள்ல எனக்கு அதைச் சொன்ன முதல் மனுஷன் அவன்தாம்மா."

சாக்லேட் டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார்.

உங்கள் மேசைக்கும் மகள் கல்யாணத்துக்கு என்று ஒருவர் வருவார். சொல்லத் தயங்குவார், சர்ச் பார்க்கப் போகிறேன் என்பார். இன்சூரன்ஸ், டிக்கெட், கடிதம் எல்லாம் நீங்கள் கேட்கத்தான் வேண்டும், ஒன்றையும் விடாதீர்கள். ஆனால் அதற்கு முன்னால் வாழ்த்து சொல்லிவிடுங்கள். எல்லையில் இருப்பவன் முந்திக்கொள்ள விடாதீர்கள்.